அப்பாவின் சட்டைப் பையில் இருந்த காந்தம்

அன்புள்ள கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம், இந்த முறை ஒப்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுகிறாய், இவரும் பக்கத்தில் நின்று போனைப் பிடுங்குகிறார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு வரப்போகிறேன் என்றாயே, அந்த ராஜினாமாவை ஆபீசில் கொடுத்துவிடாதே.

அப்பாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தபின் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தையல் மெஷின் ரிப்பேருக்குத் திரும்ப உட்கார்ந்ததும்தான் படபடப்பும் தலைசுற்றலும். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே வைத்ததே கோளாறோ, மறுபடி நெஞ்சைத் திறக்கணுமோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, உன்னிடமும் அதையே சொல்லித் தொலைத்தேன். போன வாரம் நர்ஸ் அந்தச் சட்டையை வாங்கி இரும்புக் கட்டிலின் தலைமாட்டில் போட்டார், சட்டை டக்கென்று ஒட்டிக்கொண்டது, இழுத்தால் வரவில்லை. இடப்பக்கப் பையைத் துழாவினால் பழைய ஸ்பீக்கரிலிருந்து இவர் பிடுங்கிய காந்தம், பேஸ்மேக்கருக்கு நேராக அங்கேதான் குடியிருந்திருக்கிறது. காந்தம் கிட்டயே வரக்கூடாது, பேஸ்மேக்கர் தடுமாறும்னு அன்னிக்கே சொன்னேனே சார் என்று டாக்டர் தலையில் கை வைத்தார். அது காந்தம்னே எனக்குத் தோணல டாக்டர், என் கை மாதிரி அது என்று இவர் அசடு வழிந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உனக்குத்தான் தெரியுமே, நான் கொட்டும் குண்டூசியை அள்ளக் காந்தம், திருகாணி நழுவாமல் இருக்க ஸ்க்ரூடிரைவர் நுனியில் தேய்க்கக் காந்தம், மூடாத அலமாரிக் கதவுக்குக் காந்தம், சமையலறைச் சுவரில் கத்தி மாட்ட ஒரு பட்டை. பாத்திரக் கடைக்குப் போனாலும் இண்டக்ஷன் அடுப்புக்கு ஆகுமா என்று ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டிப் பார்த்து என் மானத்தை வாங்குவார். வீட்டில் இருப்பது இருக்கட்டும், நெஞ்சுக்குக் கிட்டே மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். அந்தப் பெரிய காந்தம் இப்போது என் பொறுப்பு. துடைப்பக் கம்பின் நுனியில் கட்டி நான் ஊசி பொறுக்குகிறேன், இவர் தள்ளி நின்று அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு என்று அதிகாரம் பண்ணுகிறார். எல்லாச் சட்டையிலும் பையைப் பிரித்து வலப்பக்கம் தைத்துவிட்டேன். வலப்பக்கம் பை வச்ச சட்டைய எவன் போடுவான் என்று முனகினார், நீங்கதான் போடுவீங்க என்றேன். அன்றிலிருந்து படபடப்பே இல்லை.

இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது. நீ வேலையை விடுவதாகச் சொன்ன அன்று அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமலே எழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, அப்ப புள்ள வேலைய விட வேண்டாம்ல என்பதைத்தான். தன் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ வரணும், உன்னைப் பார்க்காமல் எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் லீவு போட்டு ஆசையாக வா, பயந்துபோய் வராதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் போன் பண்ணு, என்னிடம் வேண்டாம், அவரிடமே சொல், ராஜினாமா கொடுக்கவில்லை என்று.

உன் அம்மா