டப்ளினில் நின்ற லாரி

நவம்பர் 10, திங்கள்

காலையில் மூடுபனி. கார் கண்ணாடியில் குவாரித் தூசி, பனியில் ஊறிச் சாந்து மாதிரி. துடைத்ததில் சட்டை போச்சு.

ஆபீசில் புது ஆள். வித்யா. கோயம்புத்தூர். இருபத்தைந்து இருக்கலாம். துபாய் ஹெட் ஆபீஸ் அனுப்பியது. "உங்க சப்போர்ட்டுக்குத்தான்" என்றார் மேனேஜர் சுந்தர், போனில். நான் கேட்டேனா சப்போர்ட்?

ராஸ் அல் கைமாவில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பா லாரிகளுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடுகிற வேலை. இத்தாலி டைல்ஸ் இங்கிலாந்துக்கு, இங்கிலாந்து பெயிண்ட் பிரான்சுக்கு. அங்கே ஆள் வைத்தால் கட்டுப்படியாகாதாம். இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டுப் பிரிந்ததிலிருந்து இந்த டெஸ்க்கில் நான் ஒருவன்தான்.

வித்யா வந்ததும் முதல் கேள்வி: "நீங்க லீவு போனா இதெல்லாம் யாருங்க சார் பாப்பாங்க?"

கவனிக்க வேண்டிய கேள்வி.

வாங்க வேண்டியது: கறிவேப்பிலை, இட்லி அரிசி, மகள் ராகவிக்கு கிராஃப் நோட்டு.

நவம்பர் 11, செவ்வாய்

வி. கேள்விக்கு மேல் கேள்வி. எதற்கு எவ்வளவு டியூட்டி, எந்த நாட்டுக்கு என்ன பேப்பர். என் ஸ்கிரீனை போனில் படம் வேறு. "ரூம்ல போய்ப் படிச்சுக்குவேனுங்க சார்." படிக்கவா, யாருக்காவது அனுப்பவா?

மத்தியானம் படிக்கட்டில் நின்று போன். காதில் விழுந்தது இவ்வளவுதான்: "ஆமாங்க சுந்தர் சார், கத்துக்கிட்டிருக்கேன்."

தோஹா ஆபீசிலும் இப்படித்தான் ஒருவருக்கு சப்போர்ட் வந்தது. அவர் இப்போது தஞ்சாவூரில் இருக்கிறார்.

வேலை போனால் விசா போகும். ராகவி பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச்சில் பரீட்சை. பாதியில் எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது? பயமாக இருக்கிறது. இங்கே எழுதுவதற்கு என்ன வெட்கம்.

கல்பனாவிடம் சொன்னேன். என் பெண்டாட்டி எனக்குப் பரிந்து பேசினால்தான் அதிசயம். "தயிர் டப்பாவ நாலு தரம் திருப்பித் திருப்பி டேட் பாக்குற ஆளு நீங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் புள்ளைய விடுங்க." மகள் ஹெட்போனைக் கழற்றாமலே: "அப்பா, யூ ஆர் பீயிங் வியர்ட்."

நவம்பர் 13, வியாழன்

ஸ்பெயின் டைல்ஸ் லாரி ஒன்று. இங்கிலாந்து வழியாக அயர்லாந்துக்கு. ஸ்பெயினும் அயர்லாந்தும் ஒரே வீட்டுக்காரர்கள், தங்களுக்குள் டியூட்டி கிடையாது. நடுவில் இருக்கும் இங்கிலாந்து இப்போது வெளி ஆள். பொருட்காட்சியில் பாதியில் வெளியே போனால் கையில் முத்திரை குத்துவார்களே, அப்படி ஒரு பேப்பர் உண்டு. டி-டூ என்போம். அது இல்லாமல் போனால், திரும்ப உள்ளே நுழையும்போது அந்நியச் சரக்கு. டியூட்டி கட்டு என்பான்.

வி. எல்லாம் போட்டிருந்தாள். டி-டூ இல்லை.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துருங்க சார்."

பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்தது.

"சரியாத்தான் இருக்கு. அனுப்பும்மா."

தானாக விழட்டும். நானா தள்ளினேன்?

தேங்காய் பர்பி கொண்டுவந்திருந்தாள். எடுக்கவில்லை. எதற்குக் கொடுக்கிறாள் என்று தெரியாமல் நான் எதையும் வாங்குவதில்லை. சாப்பாடும் இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

நவம்பர் 17, திங்கள்

டப்ளின் துறைமுகத்தில் லாரி நிற்கிறது. டியூட்டி கட்டாமல் விடமாட்டார்களாம். டைல்ஸ் வாங்கியவர் மெயிலுக்கு மேல் மெயில். டிரைவர் போலந்துக்காரன். சனிக்கிழமையிலிருந்து லாரியிலேயே படுக்கை. போன் போட்டால், "நோ மூவ், மை பிரெண்ட். நோ மூவ்." அந்த மனுஷனை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

வி. முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் அழவில்லை. எதையெதையோ தேடிப் படித்தாள், ஸ்பெயினுக்கு போன் போட்டாள். சரக்கு அந்த ஊருடையதுதான் என்று இப்போதுகூடச் சான்று வாங்கலாம் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். எனக்கு அது தெரியும். வாயைத் திறக்கவில்லை.

சுந்தர் ஸ்பீக்கரில். "யாரு செக் பண்ணது?"

வி. ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள்.

"நான்தாங்க சார் போட்டேன். என் தப்புதான்."

அவ்வளவுதான். என் பெயர் வரவே இல்லை. ஏன்? சமயம் பார்த்து எடுக்கலாம் என்று முடிந்து வைத்திருக்கிறாளா?

நவம்பர் 18, செவ்வாய்

சான்று வந்தது. லாரி கிளம்பிவிட்டது. வி. இன்னும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்ன கேட்பாள் என்று நாள் முழுக்க யோசனை. இரண்டு கோட் நம்பர் தப்பாகப் போட்டுத் திருத்தினேன். கல்பனா, "என்ன ஒரு மாதிரி இருக்கீங்க?" வெயில் என்றேன். நவம்பரில் என்ன வெயில் என்றாள்.

நவம்பர் 20, வியாழன்

வி.யை நிறுத்திவிட்டார்கள். ப்ரொபேஷன் ஆள், ஒரு மெயிலில் கலாஸ்.

மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் நானே கேட்டுவிட்டேன். "ஏம்மா, நான் பாத்தேன்னு ஏன் சொல்லல?"

வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலை இறக்கி: "உங்களுக்கும் டி-டூ தெரியலைன்னு தெரிஞ்சா உங்களையும் அனுப்பிருவாங்கல்லங்க சார். பொண்ணு ட்வெல்த்துன்னு போன்ல பேசிட்டிருந்தீங்க. எனக்கென்னங்க, ஊருல வேற வேல பாத்துக்குவேன்."

எனக்கு டி-டூ தெரியாதாம். எனக்கு!

தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்து என்ன கேட்பாள் என்பதும் தெரியும்.

அவள் அத்தோடு விடவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அடுத்த தடவ மாட்டிக்காதீங்க சார். ஸ்பெயின்லருந்து அயர்லாந்துன்னா, நடுவுல இங்கிலாந்து வருதான்னு மொதல்ல பாக்கோணும்…" ஆரம்பத்திலிருந்து, நிதானமாக, எனக்குப் புரிகிற மாதிரி.

தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்டேன்.