வாய் தவறிய தீர்ப்பு

பரங்கா,
4 மார்ச் 1984

அன்புள்ள கொலினுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பது எழுதினால்தானே தெரியும்? என் தம்பியின் கதையைப் படம் எடுக்கிறேன் என்று எங்கள் வராந்தாவில் இரண்டு மாதம் படுத்துக் கிடந்தாய். அப்படிப்பட்டவனுக்கு ஒரு தபால்தலைகூடவா கிடைக்கவில்லை?

இங்கே தியேட்டர்க்காரன் படத்தைப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். "ஆறிப்போன புண்ணை எதுக்கும்மா கெளறணும்?" என்றான். "யாருக்கு ஆறிச்சு?" என்று கேட்டேன். பாப்கார்ன் மெஷினைத் துடைக்கப் போய்விட்டான்.

"சிட்னியில பாக்குறாங்களாடி?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். லாக்கப்பில் தன் மகனை அடித்தே கொன்றது யார் என்று நாலு பேருக்காவது தெரியட்டும் என்றுதான் உனக்குக் கதவைத் திறந்தாள். செத்தது எங்கள் பழங்குடிப் பையன்தானே என்று கோர்ட்டில் பன்னிரண்டு வெள்ளைக்கார ஜூரிகள் அந்த சார்ஜென்ட்டை நிரபராதி என்று விட்டார்கள். படத்திலும் அப்படியே விட்டாய். சினிமாவிலாவது அவனை உள்ளே தள்ளு என்று அன்றைக்குக் கெஞ்சினேன். "உண்மையைத்தான் காட்டணும் அக்கா" என்றாய். சரி, அந்த உண்மையை யாராவது பார்த்தார்களா?

உன் அக்கா,
நொரீன்

சிட்னி,
19 மார்ச் 1984

அன்புள்ள நொரீன் அக்காவுக்கு,

நீங்கள் கோபப்படுவது நியாயம்தான். சொல்ல நல்ல சேதி இல்லை, அதனால்தான் எழுதவில்லை. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. கடைசி நாள் மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டதும் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். பத்திரிகைகளில் ஒரு வரி வரவில்லை. ரொம்ப அசதியாக இருக்கிறது, அக்கா.

இப்போது ஒரு டெலிவிஷன் கம்பெனி கேட்கிறது. நாடு முழுக்கப் போடுவார்களாம், ஆனால் முடிவை மாற்ற வேண்டுமாம். "ஜனங்க நிம்மதியா தூங்கப் போகணும் சார்" என்கிறார்கள். தீர்ப்பை வாசிக்கும் ஜூரித் தலைவராக நடித்த தீவனக் கடை மெர்வ் ஞாபகம் இருக்கிறதா? முதல் தடவை எடுத்தபோது "குற்றவாளி" என்று சொல்லிவிட்டு, "ஐயய்யோ, வாய் தவறிருச்சு, திரும்ப எடுங்க" என்றாரே! அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது. அதை ஒட்டினால் போதும். நீங்கள் அன்று கேட்ட முடிவுதானே? அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அன்புடன்,
கொலின்

பரங்கா,
2 ஏப்ரல் 1984

அன்புள்ள கொலினுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் ரொட்டி கருகுவதைக்கூடக் கவனிக்காமல் அம்மாவிடம் ஓடினேன்.

உனக்கு ஒன்று தெரியாது. நிஜ வழக்கிலும் ஜூரித் தலைவர் அதே மெர்வ்தான். ஊருக்கே தெரியும். உனக்கு அவர் முகம் பிடித்திருந்தது, கூப்பிட்டாய், அவரும் வந்துவிட்டார். அவர் வாய் தவறியபோது நாங்கள் எல்லாரும் ஏன் அப்படி உறைந்துபோனோம் என்று இப்போதாவது புரிகிறதா?

அம்மா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். "அந்த வார்த்தைய அவன் கோர்ட்டுல சொல்லியிருக்கணும். இப்ப டிவியில போட்டா, 'அப்பாடா, நியாயம் கெடைச்சிருச்சு'ன்னு எல்லாரும் டீயக் குடிச்சிட்டுப் படுத்துருவாங்க. எம்புள்ளைக்குக் கெடைக்கலியே" என்றாள்.

எனக்கு ஆசைதான், கொலின். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான். வேண்டாம்.

உன் அக்கா,
நொரீன்

சிட்னி,
27 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மா சரி என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். நினைத்தால் நிறுத்தியிருக்கலாம், ஆனால் நிறுத்தவில்லை. இந்த ஒரு படத்துக்காக ஆறு வருடம் அலைந்திருக்கிறேன். யாருமே பார்க்காமல் அது பெட்டியில் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போடுகிறார்கள். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கொலின்

பரங்கா,
20 மே 1984

கொலினுக்கு,

பார்த்தோம். கடைசிக் காட்சி வந்ததும் அம்மா எழுந்து போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் கறிக்கடையில் கடைக்காரரின் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியோ, கடைசியில நல்லபடியா முடிஞ்சுதே" என்றாள். அம்மா கறி வாங்காமலே திரும்பிவிட்டாள். சார்ஜென்ட் வழக்கம்போல ஜீப்பில் ரோந்து வருகிறான். "டிவியில அவன ஜெயில்ல போட்டாங்களே, எப்ப வெளிய விட்டாங்க?" என்று என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெர்வ் வந்தார். கடைக்கு யாரும் வருவதில்லையாம், வெள்ளைக்காரர்கள் துரோகி என்கிறார்களாம். "நான் வாய் தவறித்தான் அப்படிச் சொன்னேன்னு நீங்களாவது எல்லார்கிட்டயும் சொல்லுங்க" என்றார்.

அம்மா வேலிவரை போய் நின்றாள். "சொல்றேன் மெர்வ். எப்ப வாய் தவறுச்சுன்னு சொல்ல? சினிமாவுலயா, கோர்ட்டுலயா?"

மனுஷன் அழுதுவிட்டார். ஆனாலும் அம்மா முகத்துக்கு நேரே வந்து நின்றார். நீயோ, அம்மாவிடம் என்னையே சொல்லிவிடச் சொன்னாய்.

இனி எழுத வேண்டாம். பதில் போட எனக்குத் தெம்பில்லை.

நொரீன்