முகம் பதியாத தாள்

என் வீட்டு மகாராணிக்கு, உன் கணவன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? வாசித்துக் காட்டும் மருமகளுக்கு என் ஆசிகள். பார்த்தாயா, அறுபத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றுக் கடிதம் எழுதுகிறேன்! ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

எங்கள் பைண்டிங் கடைக்கு ஒரு பேய்ப் படக்கதை வந்திருக்கிறது. அடுத்தவர்களின் கெட்ட கனவுக்குள் புகுந்து பார்க்கும் ஒருத்தியின் கதை. ஒரு தாளில், அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு முகமே இல்லை. மை பிடிக்கவில்லை என்று நினைத்து அறுபது தாள்களைக் கழித்துப் போட்டுவிட்டேன். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

“யோவ் பெருசு, அது கதைய்யா! கனவு காண்றவனுக்குப் பொண்டாட்டி முகம் மறந்துபோச்சு. கீழயே எழுதியிருக்கு. படிக்கத் தெரியும்னு பீத்திக்கிட்டியே!”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தாள்களைப் பொறுக்கி அடுக்கும்போது எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்திருக்க வேண்டாம்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் நீ அடுப்படியில் முதுகு காட்டி நிற்கிறாய். கூப்பிட்டால் திரும்பப் போகிறாய். அதற்குள் நான் பயந்து விழித்துக்கொள்கிறேன். விழித்து யோசித்தால் மூக்குத்தி நினைவுக்கு வருகிறது, முகம் வரவில்லை. நீ கவலைப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை.

இரண்டு பனியனும் கண்ணாடிக்கு ஒரு கூடும் அனுப்பு. அதோடு உன் போட்டோ ஒன்று. கல்யாணத்தில் எடுத்தது வேண்டாம், இப்போது எடுத்தது. சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. என்னைத் திட்டுகிற முகமாக இருந்தால் இன்னும் நல்லது.

மணி அடித்துவிட்டது, மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உன் வீட்டுக்காரன்