மொட்டைத் தலைச் சந்தனம்

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், இரவு.

காலையில் என் ஆயுர்வேத கிளினிக்கைத் திறந்ததும் அமுலு வந்தாள். தறிக்காரர் வீட்டுப் பெண். நேற்று மலையில் மொட்டையடித்த கைக்குழந்தையோடு நின்றாள்.

"சளிதான் டாக்டரம்மா. போன தபா குடுத்த கஷாயமே குடுங்க. தலைய தொட்டுப் பாருங்க, சில்லுன்னு கீது. ஜொரம் இல்ல."

தொட்டேன். சில்லென்றுதான் இருந்தது. காலையிலும் ஈரச் சந்தனம் அப்பிய தலை வேறு எப்படி இருக்கும்? சட்டையைத் தூக்கினேன். வயிறு கொதித்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"இதுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம், கிளம்பு."

"உங்கள நம்பி வந்தா தொரத்துறீங்களே!" என்று அழுதாள். கிளினிக்கைப் பூட்டிவிட்டு, குழந்தையை நானே தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். போனதுமே ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

சாயங்காலம் போன் செய்தாள். "மூச்சு சீராயிடுச்சுங்க. பால் குடிச்சிகினு கீறான்."

நேற்று மலையில் எத்தனை மொட்டைகள். எந்தெந்த வீட்டில் தலையை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டு...

கஷாயம் கொடுத்தே இந்த ஊரில் பேர் வாங்கினவள் நான். இன்று கொடுக்காததற்குத்தான் பெருமையாக இருக்கிறது. புடவைத் தோளில் அவன் தலைச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. துவைக்கப் போட மனசு வரவில்லை.