பாலை என்று பேர் வாங்கிய மகிழ்

மச்சாள், என் கையெல்லாம் மகிழம்பூ மணக்கிறது. காலமை உங்கள் வளவைக் கூட்டும்போது விளக்குமாற்றில் அகப்பட்ட பூ. வேறு ஆருக்கும் என்றால் சந்தோசம் வரும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்த மணத்துக்காக எத்தனை வருசம் விடிய முன்னம் பிள்ளையார் கோயில் வீதிக்கு ஓடினனீங்கள்!

உங்கள் தம்பியைக் கட்டி இந்த ஒழுங்கைக்கு வந்த நாளிலிருந்து நானும் கூட வந்தனான். துறைமுகத்து வெளிச்சங்கள் அணைய முன்னமே நீங்கள் குனிந்துவிடுவீர்கள். சீலைத் தலைப்பு நிறையப் பொறுக்கி, அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் போடுவீர்கள். நிலத்தையே பார்த்த நீங்கள் ஒருநாளாவது அண்ணாந்து அந்தக் கோயில் மகிழின் இலையைப் பார்த்திருந்தால், உங்கள் கிணற்றடியில் நின்றதும் அதுதான் என்று தெரிந்திருக்கும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மனுசி!

அது தானாக முளைத்தது. வௌவால் போட்ட விதையாக்கும். கிள்ளினால் பால் வந்தது, காட்டுப் பாலை என்று தீர்த்துவிட்டீர்கள். தீர்த்தது மட்டுமா? கொப்பு கொஞ்சம் நீண்டால் போதும், கத்தியோடு போய்ச் சரித்து ஆட்டுக்குப் போடுவீர்கள். ஆட்டையும் அதிலேயே கட்டுவீர்கள். பாவம், அது எங்கே பூக்க?

"மச்சாள், பாலை இலை நுனியில வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும். இது கூராய் இருக்கு, ஓரமும் நெளியுது" என்று ஒருக்கால் சொன்னேன். கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் நானா வாசல் படலையில் நிற்க, அவருக்கும் கேட்கத்தக்கதாய்ச் சிரித்தனீங்கள்: "ஐஞ்சாம் வகுப்போட நிண்டவ மரத்துக்குப் பேர் வைக்க வந்திட்டா!" நீங்கள் மட்டும் என்ன பெரிய படிப்போ? எட்டு.

நீங்கள் கண்ணை மூடி, ஆடுகளும் விலைப்பட்டபிறகு அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை. கத்தி படாததால் கொப்புகள் நீண்டன. தண்ணீர் இல்லாமல் பாதி காய்ந்தும் போயின. பிறகு உங்கள் மகன் குச்சவெளிக்கு ஆள் ஏற்ற வான் வாங்கினான். வானுக்குக் கொட்டில் போட மரம் இடைஞ்சலாம். மரம் அரியும் வாள்காரனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"தம்பி, அது மகிழ். வெட்டாதை."

"இல்லை மாமி, பாலை. அம்மா சொன்னவ."

"உன்ர அம்மாவுக்குப் பிழைச்சுப் போச்சு."

அவன் முகம் கறுத்துவிட்டது. "செத்த மனுசியையும் விடமாட்டீங்களோ?"

பாருங்கோ, செத்த பிறகும் உங்கள் சொல்தான் எடுபடுகிறது! ஒருவரிடமும் பல்லுக் காட்டாத நான் அந்தப் பொடியனிடம் கெஞ்சினேன். "ஒரு வருசம் விடு. பூக்காட்டி நானே வாள்காரனுக்குத் தேத்தண்ணி ஊத்தித் தாறன்." வாள்காரன் சிரித்தான். உங்கள் மகன் சிரிக்கவில்லை. ஆனால் விட்டான்.

அடிமரத்தில் இறுகிக் கிடந்த ஆட்டுக் கயிற்றை அறுத்தெடுத்தேன். மண்ணைக் கிளறி எருப் போட்டேன். கச்சான் காற்றுக் காய்ச்சி எடுத்த நாட்களில் வாளி வாளியாய் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற உங்களை ஏசினேன். நான் மரத்தோடு கதைக்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரி நினைத்தாள்.

இன்றைக்குப் பூத்துவிட்டது. உங்கள் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பூவை எடுத்து முகர்ந்தவன் அப்படியே மரத்தடியில் இருந்துவிட்டான். "அம்மாவின்ர சீலை" என்றான். பூவைக் கைக்குள் பொத்திக்கொண்டு கேட்டான்: "அப்ப அம்மாவுக்கு இது தெரியாதோ மாமி?"

இந்தக் கேள்விக்காக எவ்வளவு காலம் காத்திருந்தேன்! மறுமொழி நாக்கு நுனியில் நின்றது. அவன் முகத்தைப் பார்த்தேன்.

"தெரியாமலோ? மகிழ் எண்டால் ஊர்ப் பெட்டையள் எல்லாம் வந்து கொப்பு முறிப்பினம். அதுதான் பாலை எண்டு சொல்லி மறைச்சவ. உன்ர அம்மா லேசுப்பட்ட ஆளோ?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "கள்ளி!" பிறகேன் கோயிலுக்கு ஓடினவ என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒன்று சொல்லியிருப்பேன்.

கொட்டிலை இனி றோட்டுப் பக்கம் போடுவானாம். பின்னேரத்துக்குள் சந்திவரை கதை போய்விட்டது, உங்கள் கெட்டித்தனத்தால் ஒரு மகிழ் தப்பியதாம். என் சீவியத்தில் நான் உங்களை வென்றது இந்த ஒருதரம்தான் மச்சாள். அதையும் உங்கள் கையில் தந்துவிட்டு, ஒருவருக்கும் சொல்ல ஏலாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். மற்றதெல்லாம் போகட்டும். இதை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன்.