விட்டுப்போன நோன்புகள்

ஆம்பூர்
12.6.2025

அன்புத் தோஸ்த் மோகனாவுக்கு,

சைரா எழுதுவது. அரக்கோணத்தில் மகள் வீட்டில் சௌக்கியமா? போனில் கேட்டது வைத்ததுமே மறந்துபோகிறது, அதனால்தான் காகிதம். ரமலானில் விட்ட நோன்புகளை வேறு மாதத்தில் வைத்துத் தீர்க்க வேண்டும், உனக்குத் தெரியும். ஹஸன் பிறந்தபோது விட்டதை, டைபாய்டில் விட்டதை நான் வைத்தேனா இல்லையா? ஷூ கம்பெனியில் இருபது வருஷம் பக்கத்து மிஷினில் இருந்தவள் நீதானே. எனக்கு நினைவில்லை. அதனால் தினமும் நோன்பு வைக்கிறேன்.

மறக்காமல் பதில் போடு. யார் சொல்வது பார்!

உன் சைரா

அரக்கோணம்
19.6.2025

அன்புள்ள சைரா,

சௌக்கியம்தான், ஆனால் உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுகர் மாத்திரை போடுகிறவள் இந்த வெயிலில் தினமும் நோன்பா? நீ எத்தனை வைத்தாய் என்று நான் எண்ணவேயில்லை. என் கண் தையலில்தான் இருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஹஸனைக் கேட்கச் சொல். முதலில் சாப்பிடு.

மோகனா

ஆம்பூர்
2.7.2025

மோகனா,

ஏன் பதிலே போடவில்லை? என்மேல் என்ன கோபம்? விட்ட நோன்பில் எத்தனை பாக்கி என்றுதானே கேட்டேன்?

நேற்று சமையலறையில் மயங்கி விழுந்தேன். "முடியாதவங்க ஏழைக்குச் சோறு போட்டா போதும்னு ஹஜ்ரத் சொல்லிட்டாரும்மா, நானும் போட்டுட்டேன். இன்னும் இன்னா உனக்கு பேஜாரு?" என்று ஹஸன் கத்தினான். மருமகள் பில்கிஸ் தட்டோடு நின்று அழுதாள். எனக்கு முடியும் மோகனா, மறந்துதான் போகிறது. நாளைக்கு மேலே போய் நின்றால், மறந்துட்டேன் என்றா சொல்வது? பயமாக இருக்கிறது.

சைரா

அரக்கோணம்
7.7.2025

என் சைராவுக்கு,

நான்கு நாளாக யோசித்தேன். எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. ஹஸன் பிறந்தபோது விட்டது முப்பது, டைபாய்டில் விட்டது பதினெட்டு. ஒன்று விடாமல் வைத்து முடித்தாய். நான் எண்ணினேன்.

அதில் ஒரு நாள் நான் நீட்டிய பஜ்ஜியை நோன்பென்று மறந்து தின்றுவிட்டாய். நான் பதறினேன், நீ சிரித்தாய். "மறந்து துன்னா நோன்பு போவாதுடி, அல்லாவே ஊட்டுனான்னு அர்த்தம்." நோன்பை மறந்து தின்றவளை மன்னிக்கிறவன், நோன்பு வைத்ததை மறந்தவளையா பிடித்துக் கேட்பான்? என் கணக்கு தப்பென்றால் அந்தப் பாவம் எனக்கு. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கெஞ்சிக் கேட்கிறேன், சாப்பிடு.

உன் மோகனா

ஆம்பூர்
15.7.2025

என் தோஸ்துக்கு,

உன் கடிதத்தை பில்கிஸ் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். காலையில் நோன்பு என்று நான் ஆரம்பித்ததும் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறாள். தினமும் புதுசாகப் படிக்கிறேன். தினமும் நிம்மதியாக இருக்கிறது.

இன்று அலமாரியில் உன் இன்னொரு கடிதம் கிடைத்தது, ஜூன் மாதத்துடையது. எண்ணவேயில்லை என்று அதில் எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை படித்தேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். நாளைக்கு அது எனக்கு நினைவிருக்காது. நீயும் ஞாபகப்படுத்தாதே.

பில்கிஸ் சோறு போட்டுவிட்டாள், கூப்பிடுகிறாள்.

உன் சைரா