ஒயர் தொங்கணும், மேடம்

இன்று காலை செல்வி என் தையல் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்தாள். அவள் வீட்டு வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது இன்னும் பிடிபடவில்லை. பெட்டிக்கு அடியில் கிடந்த பழுப்பு உறையை எடுத்து, அதைச் சுற்றியிருந்த கறுப்பு ஒயரை விரலால் நிமிண்டினாள்.

"இன்னாம்மா இது, சைக்கிள் பிரேக் ஒயரா? துருப்புடிச்சிக்கினு கீது. தூக்கிப் போட்டுடவா?"

"வை கீழே" என்றேன். பாவம், பயந்துவிட்டாள்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். கேமராவின் பொத்தானில் திருகி மாட்டுகிற உன் ஒயர் அது. மறுமுனையில் உள்ள குமிழைக் கட்டைவிரலால் அழுத்தினால், உள்ளே ஒரு மெல்லிய கம்பி நகர்ந்து போய்ப் பொத்தானை அழுத்தும். கேமராவைக் கை தொடவே வேண்டாம். மற்றவர்களிடம் இருப்பது ஒரு முழம்தான் இருக்குமாம். நீ சென்னையில் தேடி அலைந்து இரண்டு ஆள் நீளத்துக்கு வாங்கி வைத்திருந்தாய். அதைக் கட்டாகச் சுற்றி நீ கொடுத்த உறையை நான் ஆறு வருடமாகப் பிரிக்கவில்லை. உனக்கு அது தெரியும். ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் நான் இருந்த காலம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்த உன்னை வரவழைத்தோம். அதற்கு முந்தின மாதம் வரை நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கேமராவைக் கண்டதும் விறைத்துப் போனார்கள். நீ கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒயரோடு நடந்து போய் அவர்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாய். எந்த ஊர், ஏரி நிரம்பியதா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று பேச்சுக் கொடுத்தாய். அவர்கள் பதில் சொல்ல முகம் இளகும் நேரத்தில் உன் கட்டைவிரல் தன் வேலையைச் செய்துவிடும். கேமராவைப் பார்க்காமல் படம் எடுக்கும் ஆளை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அது ஒழுங்கீனமாகத் தோன்றியது.

வந்த படங்களில் பதினொன்றை, "தலை சாய்ந்துள்ளது" என்று சீட்டு எழுதிக் குத்தித் திருப்பி அனுப்பினேன். மறுநாள் நீயே மாடியேறி வந்து அந்தப் பதினொன்றையும் என் மேசையில் பரப்பினாய்.

"மேடம், தல சாஞ்சா ஆளு மாறிடுவானா?"

அலுவலகம் முழுவதும் குனிந்து கோப்புகளுக்குள் சிரித்தது. விதி என்றால் விதிதான் என்றேன். நீ முறைக்காமல் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துக் கொடுத்தாய். ஒவ்வொரு தலையும் செங்குத்தாக இருந்தது. "இப்ப பாருங்க, பதினோரு பேரும் போலீஸ்ல மாட்டிக்கினவன் மாதிரி கீறாங்க" என்றாய். உண்மைதான். அட்டைகளில் முதல் படங்களையே ஒட்டச் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ தொழிற்சாலை வாசலில் நின்று அவர்கள் சட்டையில் தொங்கிய அட்டைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டாய். நம் நட்பு அன்று தொடங்கியது என்று நினைக்கிறேன்.

எங்கள் மாதா கோவிலின் புதுப் பீடத்தைப் படம் எடுத்த நாள் நினைவிருக்கிறதா? உள்ளே வெளிச்சம் போதாததால் கேமரா நெடுநேரம் திறந்திருக்க வேண்டும் என்றாய். ஜன்னல் வெளிச்சத்தின் கூச்சத்தை மறைக்க நீ போர்வையோடு நாற்காலி மேல் ஏறி நின்றாய். ஒயர் என் கையில். மூன்று படங்களும் கலங்கிப் போயின.

"ஒயரு தொங்கணும் மேடம். இழுத்துப் புடிச்சா உங்க கை ஆட்டம் பூரா கேமராவுக்குப் போய்டும். லூசா வுட்டு, மெதுவா அழுத்துங்க."

என் கை ஆடாது என்றேன்.

"ஆடாத கை எங்க கீது? பெட்டில வெச்ச கைதான் ஆடாது."

கோவிலுக்குள் இப்படியா பேசுவது என்று உன்னைக் கடிந்துகொண்டேன்.

என் கணவர் போனது அவர் அத்திப்பட்டு அனல் மின் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம். காலையில் காபி கேட்டார். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. பெட்டியை மூடுமுன் குடும்பமாகச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். எனக்கு அது என்றுமே பிடித்ததில்லை. படத்தில் விழுவதற்காக முட்டி மோதுவார்கள். துக்கத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு வைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்த கான்வென்ட்டில் படித்தவள் நான். யாரும் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். என்னை மீற அங்கே எவருக்கும் துணிச்சல் இல்லை.

நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் முதல்முறையாக என் கை உன் கைக்குள் வந்தது. பாட்டுச் சத்தத்தின் நடுவே அந்தச் சின்ன 'டக்'கை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு இடையே சுவரோரம் கேமரா. அதிலிருந்து தரையோடு வந்த கறுப்பு ஒயர் உன் புடவைக் கொசுவத்துக்குள் போயிற்று.

கையை உதறினேன். "வெளியே போ" என்றேன், எல்லோர் முன்னாலும். நீ எழுந்து போனாய்.

அதன்பின் ஒன்றரை வருடம் உன் ஸ்டுடியோ இருந்த பக்கம் நான் நடக்கவில்லை. சந்தையில் எதிரே வந்தால் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன்.

மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "அந்தப் படம் மட்டும் இல்லேன்னா அப்பா போனதை என்னால நம்பியிருக்கவே முடியாதும்மா." அடக்கத்துக்கு அவளுக்கு விமானம் கிடைக்கவில்லை. அன்று காலை உன்னைத் தொலைபேசியில் அழைத்து, அப்பாவோடு அம்மா இருக்கிற மாதிரி ஒரே ஒரு படம் என்று அழுதிருக்கிறாள். தான் கேட்டதாக அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் கெஞ்சியிருக்கிறாள். நீ சொல்லவில்லை. "வெளியே போ" என்பதை முழுதாக நீயே வாங்கிக்கொண்டாய்.

மறுநாளே வந்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. பாஸ்போர்ட் படம் வேண்டும் என்றேன். எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லை என்பது உனக்குத் தெரியும். விளக்கைப் போட்டாய். எல்லாப் புகைப்படக்காரர்களையும் போல, கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாய்.

"தல கொஞ்சம் சாஞ்சிருக்கு, மேடம்."

"சாஞ்சா ஆளு மாறிடுவாளா?" என்றேன்.

நீ நிமிர்ந்தாய். முதலில் சிரித்தாய். பிறகு முந்தானையால் வெகுநேரம் முகத்தைத் துடைத்தாய். நம் சமாதானம் அவ்வளவுதான். ஒயர் எங்கே என்று கேட்டேன். மேசைக்கு அடியிலிருந்து இந்த உறையை எடுத்துக் கொடுத்தாய்.

"அன்னிலேர்ந்து இத்த நான் மாட்டல. நீங்களே வெச்சிக்கோங்க. உள்ள படம் கீது. தோணும்போது பாருங்க. தோணலன்னா வுடுங்க."

அதற்கப்புறம் ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. பூசை முடிந்து நான் வீடு திரும்பும்போது என் வாசலில் நீ நிற்பாய். என் காபியைத் தண்ணீர் என்பாய். இரண்டு டம்ளர் குடிப்பாய். போன மழைக்காலத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஒருவரையும் நான் அதட்டவில்லை.

இன்று செல்வியைப் பாத்திரம் துலக்க அனுப்பிவிட்டு, ஒயரைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றி உறையைப் பிரித்தேன்.

என் கண் எங்கே போகும்? முதலில் குறைகளுக்குத்தான். பெட்டியின் ஓரம் படத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. தரையில் ஒயர் தெரிகிறது. ஊரில் எல்லோரையும் "கண்ண மூடிட்டீங்க, இன்னொண்ணு" என்று விரட்டியவள் நீ. உன் கண்கள் மூடியிருக்கின்றன, கன்னம் நனைந்திருக்கிறது. அந்த அலுவலக நாட்களில் இது என் மேசைக்கு வந்திருந்தால் சீட்டுக் குத்தித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பிறகுதான் கைகளைப் பார்த்தேன். நீதான் என் கையைப் பிடித்தாய் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். படத்தில் உன் விரல்கள் விரிந்து கிடக்கின்றன. இறுக்கிப் பிடித்திருப்பது நான். என் விரல் கணுக்கள் வெளுத்திருக்கின்றன.

செல்வி ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இது யாரும்மா, கண்ண மூடிக்கினு?"

"என் சிநேகிதி" என்றேன். உன்னிடம் நான் ஒருநாளும் சொல்லாத வார்த்தை.

அவ்வளவு இறுக்கிப் பிடித்த கை அன்று எப்படி நடுங்கியிருக்கும்! ஆனால் படத்தில் ஒரு கலக்கமும் இல்லை. அவருடைய மூக்குக் கண்ணாடியின் விளிம்புகூடத் துல்லியமாக விழுந்திருக்கிறது. என் நடுக்கம் முழுவதையும் ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மறு கையில் ஒயரைத் தொங்கவிட்டிருக்கிறாய்.

படத்தை அலமாரி மேல் நிற்க வைத்திருக்கிறேன். ஒயரைத் தையல் பெட்டியில் மறுபடி சுற்றி வைத்தேன். இறுக்கவில்லை.